எலுமிச்சைக்குப் பொங்குன கல்லு

ஐயோ, வேண்டாங்க தம்பி, சொல்லிராதீங்க! வாயை மூடிக்கங்க. இல்லீங்க, மரியாதை இல்லாம சொல்லலை, பதட்டத்துல வந்துருச்சு. அந்தக் கல்லோட பேரு உங்க நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சுன்னு மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. அதை அப்படியே உள்ளார தள்ளிக்கங்க. அவரு வரட்டும். வண்டியை நிறுத்த எடம் தேடிட்டு இருக்காரு. ஞாயித்துக்கெழமை கரோல் பாக்ல வண்டிக்கு எடம் கெடைக்கிறதுக்குள்ள நான் முழுக் கதையும் சொல்லி முடிச்சிருவேன். உக்காரலாமுங்களா? இந்த ஸ்டூலு ஆடுதே. சரி, ஆடட்டும், நானே இன்னிக்கு ஆடிட்டுத்தான் இருக்கேன்.

நல்ல வேளை, நீங்க தமிழா இருந்தீங்க. வெளியில கல்லு டெஸ்ட் பண்ற எடம்னு இந்தி போர்டைப் பார்த்துட்டு உள்ள யாராச்சும் லாலாஜி உக்காந்திருப்பாருன்னு நெனச்சேன். பார்த்தா கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு நீங்க. எந்தப் பக்கம்? காங்கேயமா! அதான பார்த்தேன், கல்லு பட்டை தீட்டுற ஊரு. நான் சங்ககிரிங்க, சேலம் பக்கம். பேரு பொன்னி. மினிஸ்ட்ரியில கிளார்க்கா வந்து சேர்ந்தவ, அப்படியே இங்கியே இருந்து ரிட்டையரும் ஆயிட்டேன். இல்லீங்க, கல்யாணம் ஆகலை. அதுக்குத்தான் வந்துட்டு இருக்கேன், அவசரப்படாதீங்க.

விஷயம் இவ்வளவுதான். இந்தக் கல்லு என்ன கல்லுன்னு தெரிஞ்ச அன்னிக்கு அவருக்கு ஒரு பதில் சொல்றதா வாக்குக் குடுத்துட்டேன். அவருன்னா சாய்ராம் சாரு. எங்க வீட்டுக்கு நேர் மேல் மாடி. சம்சாரம் போயி ஆறேழு வருஷம் இருக்கும். ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்தாச்சு. என்ன பதிலா? ஏன் கண்ணு, அறுபதைத் தாண்டுன ஒரு பொம்பளைகிட்ட அப்படி ஒரு மனுசன் என்ன கேட்டுருப்பாரு? ரேஷன் கார்டா கேப்பாரு? ஆமா. அதேதான். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, நானுந்தான் சிரிக்கிறேன்.

என்னமோ சொல்ல வர்றீங்க, இருங்க, அப்பறம் சொல்லுங்க. நான் ஒழுங்கா மொதல்ல இருந்து வர்றேன். இல்லேன்னா எனக்கே கொழம்பிரும்.

போன தீவாளிங்க. டெல்லி தீவாளிப் பெட்டி உங்களுக்குத் தெரியாததா? ஒரு வீட்டுல இருந்து கெளம்புற பாதாம் பெட்டி, ஊரெல்லாம் சுத்திட்டு கெளம்புன வீட்டுக்கே வந்து சேரும். ஒருத்தரும் பிரிக்க மாட்டாங்க, மேல இருக்கிற பேரை மட்டும் கிழிச்சுட்டு அடுத்தவங்களுக்குத் தள்ளி விட்டுருவாங்க. அப்படி ஒரு பெட்டி எனக்கு வந்துச்சு. குடுத்தவ மாதுரி, என்கூட செக்‌ஷன்ல இருந்தவ. அவளுக்கு யாரு குடுத்தான்னு அவளுக்கே தெரியாது. நான் ஒருத்திதான் இந்த ஊருல பெட்டியைப் பிரிச்சுப் பார்க்கிற ஜாதி. பிரிச்சா, பாதாம் கொஞ்சம், வாசனை மெழுகுவத்தி ஒண்ணு, அப்பறம் பட்டுத் துணிக்குள்ள இந்தக் கல்லு.

நீங்களே சொல்லுங்க, பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது? ஐயய்யோ, பேரைச் சொல்லாதீங்க, உருவத்தைச் சொல்லுங்க! முட்டை மாதிரி இருக்குதா. நல்லா வழவழன்னு இருந்துச்சுங்க அப்ப. வெள்ளரிக்காயை வெட்டுனா உள்ள ஒரு பச்சை இருக்குமே, அந்தப் பச்சை. நடுவுல பாருங்க, மூணு வெள்ளைக் கோடு. அதுக்குக் கீழ பித்தளையில ஒரு வளையம், முட்டை உருளாம நிக்கிறதுக்கு. இதெல்லாம் சேர்த்து வெச்சுப் பார்த்தா எனக்கு என்ன தெரியும்? பட்டை போட்டுக்கிட்டு ஆவுடையார் மேல உக்காந்திருக்கிற சிவலிங்கமாத்தான் தெரிஞ்சுச்சு. பாதாமும் மெழுகுவத்தியும் இருக்கிற பெட்டியில சிவன் எதுக்கு வர்றாருன்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கலை. தேடி வந்த சாமியை வேண்டாங்கக் கூடாதுன்னு பூஜை அலமாரியில உக்கார வெச்சு, பூவும் வெச்சுட்டேன்.

வெச்சா சும்மா இருக்க முடியுமா? திங்கக்கெழமை தவறாம அபிஷேகம். பாலு, தயிரு, தேனு, எலுமிச்சம்பழச் சாறு, எளநி கெடைச்சா எளநி. டெல்லிக் குளுருல வெடியக்காலம் எந்திரிச்சுத் தலைக்கு ஊத்திக்கிட்டு, பல்லு தந்தியடிக்க நமசிவாய சொல்லிக்கிட்டு. நான் பெரிய பக்தைன்னு நெனைக்காதீங்க. ரிட்டையர் ஆனப்பறம் ஒரு வேலை வேணுமில்ல? அத்தனை வருஷம் காலையில பஸ்ஸைப் பிடிக்க ஓடுனவளுக்கு திடீர்னு எங்கியும் ஓட வேண்டாம்னா எப்படி இருக்கும்? சாமி எனக்கு ஆபீஸ் மாதிரி ஆயிட்டாரு.

ஆனா பாருங்க, தை பொறக்கிறதுக்குள்ள சாமி மொகத்துல களை எறங்கிப் போச்சு. பளபளப்பு போயி மங்கிருச்சு. அப்பறம் சின்னச் சின்னக் குழி, அம்மைத் தழும்பாட்டம். தடவிப் பாருங்க, இந்தப் பக்கம், தெரியுதா? என்ன குத்தம் பண்ணேன்னு தெரியலை. சங்ககிரியில என் தங்கச்சிக்குப் போன் போட்டா, அபிஷேகம் பத்தலை, எலுமிச்சம்பழத்தை இன்னும் சேர்த்துப் பிழி, உக்கிரம் தணியும்னா. அவ பேச்சைக் கேட்டு அந்தத் திங்கக்கெழமை நாலு பழத்தை ஒட்டுக்கா பிழிஞ்சு விட்டேன். விட்டா, சர்ருனு ஒரு சத்தம். சாமி மேல எல்லாம் நொரை!

சிரிக்கிறீங்க. நான் அன்னிக்குச் சிரிக்கலைங்க. ஈசுவரான்னு ஒரு கத்து கத்திட்டு, தட்டோட தூக்கிக்கிட்டு ஈரத் தலையோட மாடிப்படிக்கு ஓடியாந்துட்டேன். அங்க இவரு பால் பாக்கெட் வாங்கிட்டு மேல ஏறிட்டு இருக்காரு. குரங்குக் குல்லா, அதுக்கு மேல மஃப்ளர், மூக்கு மட்டும் வெளியில. அது வரைக்கும் எங்களுக்குள்ள வணக்கம், தண்ணி வந்துச்சா, அதுக்கு மேல பேச்சு கெடையாது. தட்டைப் பார்த்தாரு, என்னையப் பார்த்தாரு. பொன்னிஜி, இது சாமி இல்லே, பேப்பர் வெயிட் இருக்குன்னாரு.

அவரு தமிழ் அப்படித்தாங்க. அப்பா காலத்துலயே வந்துட்டாங்க, இவரு பொறந்தது வளந்தது எல்லாம் லோதி ரோடு குவார்ட்டர்ஸ். தமிழ் பேசுவாரு, ஆனா எல்லாமே இருக்குன்னுதான் முடியும். மழை வந்துட்டு இருக்கு, பசி ஆயிட்டு இருக்கு, பேப்பர் வெயிட் இருக்கு. அன்னிக்கு எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். தட்டுல கெடந்த பழத்தோலை எடுத்து மிச்சமிருந்த ரெண்டு சொட்டைக் கல்லு மேல பிழிஞ்சாரு. மறுக்காவும் சர்ருனு நொரை. சாமிக்குக் கோவம் வந்தா ஒரு தடவை வரும், எலுமிச்சம்பழம் பிழியறப்ப எல்லாம் வருமான்னு கேட்டாரு. பதில் தெரியலைன்னா நாம என்ன பண்ணுவோம், எதிர்க்கேள்வி போடுவோம். சரி, சாமி இல்லேன்னா இது என்ன கல்லு, சொல்லுங்க பார்க்கலாம்னேன். முழிச்சாரு. முழிச்சுட்டு, அச்சா, ஞாயித்துக்கெழமை ஃப்ரீயா இருக்கீங்களா, போயிக் கேட்டுப் பார்க்கலாம்னாரு.

அப்படித் தொடங்குனதுங்க. அதுக்கப்பறம் நாங்க போகாத எடமில்லை. மொதல்ல அவரு போனுல ஒரு படம் எடுத்து, இது என்னன்னு அதுகிட்டயே கேட்டாரு. குளிக்கிற சோப்புன்னுச்சு. திருப்பி வெச்சு எடுத்தா, கொய்யாக்கா. ஜன்பத்துல ஒரு கடைக்காரன் ஜேடுங்கற பச்சைக் கல்லுன்னு சத்தியம் பண்ணான், சீனாவுல இருந்து வந்ததுன்னான். ஹவுஸ் காஸ்ல ஒரு கடைங்க, உள்ள போனாலே தலை சுத்துற அளவுக்கு ஊதுவத்தி. அங்க ஒரு சின்னப் பொண்ணு கல்லை நெஞ்சுல வெச்சுக் கண்ணை மூடிக்கிட்டு, ஆன்ட்டிஜி இது மனசைத் தொறக்கிற கல்லு, தலைகாணிக்கு அடியில வெச்சுத் தூங்குங்கன்னா. வெச்சேன். மனசு தொறந்துச்சோ என்னமோ, கழுத்து பிடிச்சுக்கிச்சு. ரெண்டு நாளு தலையத் திருப்ப முடியலை. இவருதான் ஒத்தடம் குடுக்கத் தவிட்டு மூட்டை கட்டிக் கொண்டாந்து குடுத்தாரு.

ஜாமா மசூதி பக்கத்துல ஒரு பெரியவரு, மோதரக் கல்லு விக்கிறவரு. அவரு என்ன பண்ணாரு தெரியுமா? வாங்குன ஒடனே நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கிட்டாரு தம்பி! நான் அபிஷேகம் பண்ண சாமியை! நக்கிட்டு யோசிச்சாரு, மறுபடியும் நக்குனாரு. இது ஜஹர் மோஹ்ரா, விஷத்தை முறிக்கிற கல்லு, அரைச்சுக் குடிக்கலாம்னாரு. வெளிய வந்து நானும் இவரும் நடைபாதையில நின்னு சிரிச்சோம் பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, அவரு மஃப்ளரால தொடைச்சுக்கங்கன்னு குடுத்தாரு. அவ்வளவு சிரிச்சு எனக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னே தெரியலை.

கீர்த்தி நகர்ல ஒரு மார்பிள் சேட்டு, ஓனிக்ஸ்னாரு. அதுக்கோசரம் ஆக்ராவுக்கே போனோம், காலையில போயிட்டு சாயங்காலம் திரும்பிட்டோம். அங்க பளிங்குல பூ பதிக்கிற ஒருத்தரும் ஓனிக்ஸ்னாரு. ரெண்டு பேரு ஒரே பேரைச் சொல்லிட்டாங்கன்னு இவருக்கு ஒரே குஷி. நான் விடலையே. எதுக்கு விடலையா? இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வர்றோம். அதுக்குள்ள அவரு கேட்டுட்டாருங்க.

ஹோலிக்கு முந்தின ஞாயிறு. கோல் மார்க்கெட்ல ஒரு ஸ்வீட் கடை, குஜியா, அதான் நம்ம ஊரு சோமாசி மாதிரி, சுடச்சுடப் போட்டுட்டு இருந்தான். ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டு நின்னுக்கிட்டே சாப்பிடுறோம். என் வாயில பாதி குஜியா. இவரு கல்லையே பார்த்துட்டு இருந்தவரு, தலையத் தூக்காமலே கேக்கறாரு. பொன்னிஜி, மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு நமக்கு எதுக்கு ரெண்டு கேஸ் கனெக்‌ஷன்? ஒண்ணை சரண்டர் பண்ணிடலாமா?

இவ்வளவுதான் தம்பி கேட்டாரு! எனக்கு மொதல்ல புரியலை. ஏன், சிலிண்டர் சரியா வர்றதில்லையான்னு கேட்டுட்டேன். அவரு காதெல்லாம் செவந்து போச்சு. அதைப் பார்த்தப்பறந்தான் எனக்கு ஒறைச்சுது. குஜியா தொண்டையில மாட்டி விக்கலு எடுத்துருச்சு. கடைக்காரன் தண்ணி குடுத்தான், நிக்கலை. அவரு முதுகுல தட்டலாமா வேண்டாமான்னு கையைத் தூக்குறாரு, எறக்குறாரு.

சந்தோசமா இருந்துச்சாவா? கண்ணு, எனக்குக் கடை முன்னாடியே ரெண்டு குதி குதிக்கலாமான்னு இருந்துச்சு. ஆனா வாய் வேற சொல்லுச்சு. பழக்க தோசம். எங்க செக்‌ஷன்ல எனக்குன்னு ஒரு பேரு உண்டு. பொன்னி மேடம் டேபிளுக்குப் போன ஃபைலு ஒரு கேள்வியாவது வாங்காம திரும்பாதும்பாங்க. கையெழுத்துப் போடுறதுன்னா பயம், கேள்வி போடுறதுன்னா பயமில்லை பாருங்க. கேள்வி எழுதித் திருப்பி அனுப்பிட்டா நாலு நாளைக்கு நிம்மதி. அதே புத்தி அங்கியும். விக்கலுக்கு நடுவுல சொல்றேன், மொதல்ல இந்தக் கல்லு விஷயம் முடியட்டுங்க, என்ன கல்லுன்னு உறுதியாத் தெரிஞ்ச அன்னிக்குப் பதில் சொல்றேன். அவரு என்ன சொன்னாரு? அச்சா. ஒரே ஒரு அச்சா. சொல்லிட்டு மிச்சக் குஜியாவைச் சாப்பிட்டாரு.

அன்னியில இருந்து பாருங்க, ஒரு ஞாயிறு விடாம தேடுறாரு. நானும் ஒரு ஞாயிறு விடாம தட்டிக் கழிக்கிறேன். ஓனிக்ஸ்னு ரெண்டு பேரு சொன்னா, ரெண்டு பேரும் மார்பிள் யாவாரம், அவங்களுக்கு எல்லாமே ஓனிக்ஸ்தான், வேற துறை ஆளு ஒருத்தரு சொல்லட்டும்னேன். ஸ்கூல்ல சயின்ஸ் எடுத்த வாத்தியாரு ஒருத்தரைக் கூட்டியாந்தாரு. அவரு ஊசியால கீறிப் பார்த்துட்டு ஃப்ளோரைட்டுன்னாரு. ஃப்ளோரைட்டு எலுமிச்சைக்குப் பொங்காதாம், எனக்கே அதுக்குள்ள தெரிஞ்சு போச்சு, அதைச் சொல்லி அவரையும் திருப்பி அனுப்பிட்டேன். ஆடி மாசம் பூரா, ஆடியில நல்ல விஷயம் எதையும் முடிக்கக் கூடாதுன்னு ஓட்டுனேன். இப்ப அடுத்த தீவாளிக்கே கடையில வெளக்குத் தொங்க விட்டுட்டாங்க. இனி ஒரு எடந்தான் பாக்கி, மெஷின் வெச்சுப் பார்க்கிற எடம், அதுக்கு மேல உங்க கேள்வி செல்லாது பொன்னிஜின்னு சொல்லி இன்னிக்கு இங்க கூட்டியாந்துட்டாரு.

பிடிக்கலையாவா? என்ன கேள்வி கேக்கறீங்க! பிடிக்காமயா பூ வெச்சுட்டு வந்திருக்கேன்? அவரு மாடியில இருந்து கயித்துல ஒரு பையை எறக்குவாரு, நான் அதுல ரசம் டப்பாவை வெச்சுக் கயித்தை ரெண்டு இழு இழுப்பேன். பை மேல போயிரும். கொஞ்ச நேரங்கழிச்சு டப்பா கழுவித் தொடைச்சு எறங்கி வரும், உள்ள ரெண்டு கொய்யாப்பழமோ ஒரு முழம் மல்லிப்பூவோ இருக்கும். ஒரு மாசமா மட்டும், ரசம் முந்தி மாதிரி இல்லியே பொன்னிஜிங்கறாரு. அதுக்கு ஒரு காரணம் இருக்குது, அதை விடுங்க. நல்ல மனுசன். சத்தம் போடத் தெரியாது. எனக்கு எந்தக் காலத்துலயும் துணை வேணும்னு தோணுனதில்லைங்க. என் சாவி, என் பூட்டு, என் ரேடியோன்னு சந்தோசமாத்தான் இருந்தேன். இப்ப என்னடான்னா சனிக்கெழமை ராத்திரியே மறுநாளு என்ன பொடவைன்னு எடுத்து வெச்சுடறேன்.

அப்பறம் என்ன பயம்னா? பயம்தாங்க. சொல்லட்டுமா? அவரு ஒரே ஒரு தடவைதான் கேட்டாரு. அதுக்கப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கலை. கல்லு, கல்லு, கல்லு, இதேதான். ஹோலிக்குக் கேட்ட மனசு தீவாளி வரைக்கும் அப்படியே இருக்குமா? கொழந்தை மாதிரி கல்லைத் தேடுற வெளையாட்டுல எறங்கிட்டாரோ, கேட்டதே மறந்துருச்சோ, இல்லை, நான் இழுத்த இழுப்புல எனக்கு இஷ்டமில்லைன்னு நெனச்சுட்டாரோ? கல்லுக்குப் பேரு தெரியாத வரைக்கும் அவரு கேட்ட கேள்வி அப்படியே உசுரோட நிக்கும். பேரு தெரிஞ்சு, அச்சா, சரின்னு கல்லைப் பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போலாம்னு கெளம்பிட்டாருன்னா? நானாப் போயி, ஏனுங்க, அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களேன்னு கேக்க முடியுமா? இந்த வயசுல அந்த வெக்கத்தை என்னால தாங்க முடியாது தம்பி. நெஜமாவே தாங்க முடியாது. அடுத்த ஞாயிறு மட்டும் மிஞ்சுனாப் போதும்னு இருக்குது.

அதனால ஒரு ஒதவி பண்ணுங்க. உங்க ஊருக்காரி, அக்கா மாதிரின்னு நெனச்சுக்கங்க. அவரு வந்ததும், எங்க மெஷினுக்கே பிடிபடலீங்க, ஜெய்ப்பூருக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிடுங்க. ஒரு பொய்தான. கல்லு கோவிச்சுக்காது, அது சாமி இல்லேன்னு ஆயிப் போச்சு.

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? என்னது? மறுபடி சொல்லுங்க.

யாரு வந்தாங்க? புதன்கெழமையா? இந்தக் கல்லா? இருக்காதுங்க, இது எங்கிட்டத்தான… ஐயோ. புதன்கெழமை. குழியெல்லாம் அழுக்கு ஏறியிருக்கு, பிரஷ் போட்டுக் கழுவித் தர்றேன்னு பையில போட்டு மேல வாங்கிட்டாரு. சாயங்காலந்தான் எறக்கி விட்டாரு. வெள்ளை மீசை, மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டியிருக்குமா? தமிழ்ல எல்லாத்துக்கும் இருக்கு இருக்குன்னாரா? அவரேதான். அதான் நான் கல்லை வெளிய எடுத்ததுமே மூஞ்சி மாறுனீங்க. நான்தான் உங்களைப் பேச விடலை.

அப்ப அவருக்குப் பேரு தெரியும்.

பேரைச் சொல்ல விடலையா? அவருமா? ஞாயித்துக்கெழமை அந்தம்மாவைக் கூட்டிட்டு வர்றேன், அப்ப தெரியலைன்னு சொல்லிடுங்கன்னாரா? அப்படியா சொன்னாரு?

சரிங்க. புரிஞ்சு போச்சு. கல்லைக் குடுங்க தம்பி. இல்லீங்க, ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன். நான் நெனச்சதுதான் சரியாப் போச்சு. அவருக்கு என் பதில் வேண்டாம். வேண்டாம்னு என் மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்றதுன்னு உங்களைப் பிடிச்சிருக்காரு. நல்ல மனுசன்னு சொன்னேனில்ல, அதான். அந்த வளையத்தையும் குடுத்துருங்க. நான் மெட்ரோவுல போயிக்கிறேன்.

இன்னும் இருக்கா? என்ன இன்னும்? உக்காந்து என்ன கேக்கறது. சரி, சொல்லுங்க. அவரு சொன்னதை அப்படியே சொல்லுங்க, நீங்களா ஒண்ணும் சேர்க்காதீங்க.

அவங்க ஒத்துக்க மாட்டாங்க, எனக்குத் தெரிஞ்சு இருக்கு… ம்… பேரு தெரிஞ்சா அன்னிக்கே வேண்டாம்னு சொல்லிடுவாங்க. தெரியாத வரைக்கும் ஞாயித்துக்கெழமை என்கூட வந்துட்டு இருப்பாங்க. எனக்கு அது போதும் இருக்கு. அப்படின்னாரா? இங்கியா நின்னுக்கிட்டு? இந்த ஸ்டூல்ல உக்காந்தாரா? கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரா?

கிறுக்கு மனுசன். முழுக் கிறுக்கு. அதுக்கு மேல நான் ஒரு கிறுக்கு. இருங்க, எனக்கு அழுகை வருதா சிரிப்பு வருதான்னே தெரியலை. தண்ணி இருக்குதா? விக்கலு வந்துரும் போல இருக்குது. ஒரே வீட்டுல மேலயும் கீழயும் உக்காந்துக்கிட்டு, ரசத்தை ஏத்தி எறக்கிக்கிட்டு, ரெண்டு பேரும் ஒரே ஆளுகிட்ட வந்து ஒரே பொய்யைக் கேட்டுருக்கோம்! நீங்க எப்படிச் சிரிக்காம உக்காந்திருந்தீங்க? காங்கேயத்துக்காரங்க அழுத்தமான ஆளுங்கதான்.

இனி மறைக்க வேண்டாம். இப்பச் சொல்லுங்க, பேரை. எனக்கு மட்டும் மொதல்ல. ம், சொல்லுங்க.

கால்சைட்டா? அப்படின்னா? சுண்ணாம்புக் கல்லு ஜாதியா! நெஜமாவா? அட ஈசுவரா, எங்க சங்ககிரியில மலை மலையா வெட்டி சிமெண்டுக்கு அனுப்புறாங்களே, அதேவா? பச்சையா இருக்கிறதும் கோடு போட்டிருக்கிறதும் மட்டுந்தான் வித்தியாசமா? எலுமிச்சம்பழம் பட்டா அரிக்கத்தான் செய்யுமா, தயிரும் கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுருமா? அப்ப வாரா வாரம் சாமியை நான்தான் தின்னுட்டு இருந்திருக்கேன். அந்தக் கல்லு லாரி போற ரோட்டுலதான் தம்பி நான் பள்ளிக்கூடத்துக்கே நடந்து போவேன். ஜடையெல்லாம் வெள்ளையாயிரும். அதைத் தேடி ஆக்ரா வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன். ஜேடாம், விஷத்தை முறிக்குமாம், மனசைத் தொறக்குமாம்! சுண்ணாம்பு!

ஒதுங்கி நில்லுங்க, படியில சத்தம் கேக்குது. அவருதான், அந்த இருமல் அவரோடதுதான். எம் பொடவை சரியா இருக்குதா? கண்ணு செவந்திருக்குதா? இருக்கட்டும். நான் சொன்னதை மறந்துருங்க, ஜெய்ப்பூரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அவரு உள்ள வந்ததும் பேரைப் பட்டுனு போட்டு ஒடைச்சிருங்க. கெஞ்சுற மாதிரி கண்ணைக் காட்டுவாரு, எரங்கிராதீங்க. எனக்கும் வேற வழியில்லை தம்பி. போன மாசமே கேஸ் ஏஜென்சிக்குப் போயி என் கனெக்‌ஷனை சரண்டர் பண்ணிட்டு வந்துட்டேன். சிலிண்டரையும் திருப்பிக் குடுத்தாச்சு. ஒரு மாசமா கரண்ட் அடுப்புலதான் ரசம், அதான் நொரை கட்டி வர மாட்டேங்குது. அவருக்கு இன்னும் தெரியாது.

வாங்க, வாங்க. எடம் கெடைச்சுதா? தம்பி, இந்தப் பக்கமா வந்து நின்னு சொல்லுங்க, சாருக்கு இடது காது கொஞ்சம் மந்தம்.